ஹைட்ரஜனை விழுங்கும் உலோகம்: சதவீதக் கணக்கும் வெப்பக் கணக்கும்

ஹைட்ரஜனைத் திடப்பொருளில் சேமிப்பது பற்றி யார் பேசினாலும் முதலில் வாயில் வருவது ஒரு சதவீதம். "எங்கள் பொருள் 7 சதவீதம் பிடிக்கிறது", "எங்களுடையது 12" என்பார்கள். நூறு கிலோ பொருளில் எத்தனை கிலோ ஹைட்ரஜன் அடங்குகிறது என்ற கணக்கு அது. இந்தத் துறையில் சில காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அந்த எண்ணைக் கேட்டதும் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை கிலோஜூல்?

ஒரு மோல், அதாவது 2 கிராம், ஹைட்ரஜன் அந்தப் பொருளோடு சேரும்போது எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதுதான் என் கேள்வி. திரும்ப எடுக்கும்போது அதே அளவு வெப்பத்தை நாம் உள்ளே கொடுத்தாக வேண்டும். இந்த ஒரு எண் தெரிந்தால் தொட்டி எந்தச் சூட்டில் இயங்கும், எவ்வளவு நேரத்தில் நிரம்பும், சேமித்ததில் எவ்வளவு அதை வெளியே எடுப்பதற்கே செலவாகும் என்பதெல்லாம் ஏறக்குறையக் கைக்கு வந்துவிடும். சதவீதம் செய்தித் தலைப்புக்கு உதவும். தொட்டி கட்டுகிறவனுக்குக் கிலோஜூல்தான் வேண்டும்.

முதலில், இவ்வளவு வம்பு எதற்கு? ஹைட்ரஜன் எடைக்கு எடை பார்த்தால் கொழுத்த எரிபொருள். ஒரு கிலோவில் 120 மெகாஜூல் ஆற்றல். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 33 யூனிட். பெட்ரோல் கிலோவுக்கு 43, 44 மெகாஜூலோடு நின்றுவிடும். ஆனால் இந்தப் பெருமையெல்லாம் தராசில் ஏற்றினால் மட்டும்தான். அறைவெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 12 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தில் ஓடும் கார் 500 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 கிலோ வேண்டும். அது 60 கன மீட்டர். பெரிய அறை ஒன்று நிறைந்துவிடும்.

இதைச் சுருக்க இன்று நடப்பில் இருக்கும் வழிகள் இரண்டு. கார்பன் இழைத் தொட்டியில் 700 பார் அழுத்தத்தில் திணிக்கலாம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). லிட்டருக்கு 40 கிராம் கிடைக்கும். 2014-ல் வந்த டொயோட்டா மிராய் இப்படித்தான் ஓடுகிறது. அல்லது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கலாம். லிட்டருக்கு 71 கிராம். ஆனால் திரவமாக்குவதற்கே ஹைட்ரஜனில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சமும் சும்மா இருக்காது, நாளெல்லாம் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

இப்போது மெக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த மெக்னீசியம் ஹைட்ரைடு என்ற சாம்பல் நிறத் தூளைப் பாருங்கள். அதன் படிகத்தில் லிட்டருக்கு 110 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. திரவ ஹைட்ரஜனைவிட ஒன்றரை மடங்கு நெருக்கம்! அதுவும் அறைவெப்பத்தில், அழுத்தமே இல்லாமல். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு எங்கோ புள்ளி தவறிவிட்டது என்றுதான் தோன்றும். காரணம் இதுதான்: திரவத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறாக இருக்கிறது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஓர் எல்லைக்கு மேல் நெருங்க விடுவதில்லை. உலோகத்தின் மேற்பரப்பைத் தொட்டதும் மூலக்கூறு இரண்டாக உடைகிறது. தனி அணுக்கள் உள்ளே ஊடுருவி உலோக அணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் உட்கார்ந்துகொள்கின்றன. மெக்னீசியம் போன்றவை தங்கள் படிக அமைப்பையே மாற்றிக்கொண்டு இடம் கொடுக்கின்றன.

இந்தக் குணம் தெரிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1860-களில் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், பல்லேடியம் தன் கன அளவைப்போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உள்ளிழுத்துக்கொள்வதைக் கண்டார். ஹைட்ரஜனே ஓர் உலோக ஆவிதான் என்று நம்பி, உள்ளே போனதற்கு 'ஹைட்ரஜீனியம்' என்று பெயரும் வைத்தார். 900 மடங்கு என்றால் பிரமாதமாகத்தான் இருக்கிறது. எடையில் பார்த்தால் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது, பல்லேடியம் விற்கும் விலைக்கு அதில் தொட்டி கட்ட யாருக்கும் மனம் வராது.

அடுத்த பெரிய அடி, வேறு எதையோ தேடும்போது விழுந்தது. 1960-களின் கடைசியில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் உள்ள ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சமாரியம்-கோபால்ட் நிரந்தரக் காந்தங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஹைட்ரஜன் பட்டால் அந்தக் காந்தங்களின் பிடிப்பு குறைந்தது. என்னவென்று துருவிப் பார்த்தபோது, கலவை ஹைட்ரஜனை உறிஞ்சுகிறது, அழுத்தத்தைக் குறைத்தால் திருப்பியும் விட்டுவிடுகிறது என்று தெரிந்தது. அதே படிக அமைப்புள்ள மற்றக் கலவைகளையும் சோதித்தார்கள். லாந்தனம் ஒரு பங்கு, நிக்கல் ஐந்து பங்கு சேர்ந்த கலவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. 1970-ல் அந்த முடிவு வெளிவந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ரெய்லியும் விஸ்வாலும் மெக்னீசியம்-நிக்கல் கலவையை 1968-லும் இரும்பு-டைட்டானியத்தை 1974-லும் கொண்டுவந்தார்கள். இன்றும் இந்தத் துறையில் நிஜமாக விற்பனைக்கு வரும் தொட்டிகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் இந்த ஏழெட்டு வருடத்தில்தான் இருக்கிறது.

லாந்தனம்-நிக்கல் முதன்முறை ஹைட்ரஜனைச் சந்திப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும், சுத்தியால் தட்டினால் உடையும் கட்டிகள். அவற்றை எஃகுக் குப்பியில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் வால்வைத் திறப்போம். ஒன்றும் நடக்காது. அழுத்தமானியின் முள் அப்படியே நிற்கும். கட்டியின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் வழிவிட மறுக்கிறது. புதிதாக வந்த மாணவர்கள் குழாய் அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகப்படும் நேரம் இது. பிறகு எங்கோ ஓரிடத்தில் படலம் விட்டுக்கொடுக்கும். முள் மெல்ல நகரும், அப்புறம் சரசரவென்று இறங்கும். குப்பியில் கை வைத்தால் சுடும். வெளியே இழுத்துவிட்டு மறுபடி ஏற்றினால் இந்த முறை தாமதமே இருக்காது.

இப்படிச் சில சுற்று முடிந்தபின், ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துக் குப்பியைத் திறந்தால் கட்டியைக் காணோம். கருஞ்சாம்பல் நிற மாவு மட்டும் இருக்கும், துகள்கள் சில மைக்ரான் அளவில். ஹைட்ரஜன் உள்ளே போகும்போது படிகம் கால் பங்கு உப்புகிறது. நொறுங்கும் குணமுள்ள கலவைக்கு அதைத் தாங்க வலு இல்லை. தனக்குத்தானே வெடித்துத் தூளாகிறது. ஒவ்வொரு வெடிப்பும் ஆக்சைடு படியாத புதுப் பரப்பைத் திறந்துவிடுவதால் அடுத்த சுற்று இன்னும் வேகமாகிறது. இந்தத் தூளை அவசரப்பட்டு வெளிக்காற்றில் கொட்டினால் கனன்று எரியக்கூடும் என்பதால்தான் அந்தப் பெட்டியும் ஆர்கானும்.

அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண சிலிண்டரில் வாயு குறையக் குறைய அழுத்தமும் குறையும். ஹைட்ரைடு தொட்டியில் அப்படி இல்லை. ஏறக்குறைய நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்கும். உலோகமும் ஹைட்ரைடும் அருகருகே இருக்கும்வரை அந்த மட்டம் மாறாது. அதை ஏற்றவும் இறக்கவும் நம் கையில் இருக்கும் திருகு ஒன்றே: வெப்பநிலை. லாந்தனம்-நிக்கலுக்கு 25 டிகிரியில் இந்த மட்டம் சுமார் 2 பார். 80 டிகிரிக்கு ஏற்றினால் 10 பாரைத் தாண்டும். 0 டிகிரிக்கு இறக்கினால் வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே போய்விடும். தொட்டி நிறைய ஹைட்ரஜன் இருந்தும் குழாயைத் திறந்தால் ஒன்றும் வராது.

'கேட்டபோது தரும்' பொருள் என்றால் சொல்லவேண்டிய விவரம் இதுதான். கேட்பது என்பது சூடாக்குவது. எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பதைக் கிலோஜூல் எண் முடிவு செய்கிறது. லாந்தனம்-நிக்கலுக்கு மோலுக்கு 31. மெக்னீசியத்துக்கு 75. வாயுவாகும்போது ஹைட்ரஜனுக்குக் கிடைக்கும் எண்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) எல்லாப் பொருளிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், வெப்ப எண்ணை அதனால் வகுத்தால் ஒரு பார் அழுத்தத்தோடு ஹைட்ரஜன் வெளிவரும் வெப்பநிலை கிடைத்துவிடும். லாந்தனம்-நிக்கலுக்கு அறைவெப்பத்தைவிடக் கொஞ்சம் கீழே, மெக்னீசியத்துக்கு 280 டிகிரிக்கு மேல். அறைவெப்பத்தை ஒட்டி வேலை செய்ய வேண்டுமானால் 30-லிருந்து 45 கிலோஜூலுக்குள் இருக்க வேண்டும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் எடை குறைந்த பொருள் எதுவும் எளிதில் வந்து மாட்டுவதில்லை. ஐம்பது ஆண்டுத் தேடலின் தலைவலி அவ்வளவும் இதுதான்.

நிரப்பும் பக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், காகிதம் பேனா போதும். 5 கிலோ ஹைட்ரஜன் என்றால் 2500 மோல். மோலுக்கு 30 கிலோஜூல் வீதம் 75 மெகாஜூல் வெப்பம் வெளியேறும். பெட்ரோல் போடுவதைப்போல 5 நிமிடத்தில் நிரப்ப வேண்டும் என்றால் அந்த வெப்பத்தை 300 விநாடிக்குள் வெளியே கடத்த வேண்டும்: 250 கிலோவாட். ஒரு சிறிய கார் என்ஜின் முழு மூச்சில் ஓடினாலும் வராத அளவு வெப்பம், ஒரு பெட்டிக்குள்ளிருந்து. மெக்னீசியமாக இருந்தால் 600 கிலோவாட்டைத் தாண்டும். கடத்தாமல் விட்டால் தீப்பிடித்துவிடும் என்றில்லை; தூள் சூடாகும், சூடானால் அழுத்த மட்டம் ஏறும், உள்ளே வரும் ஹைட்ரஜனின் அழுத்தத்தை அது எட்டியதும் உறிஞ்சுவது நின்றுபோகும். தொட்டி நிரம்பவில்லை, ஆனால் வாங்கவும் மாட்டேன் என்கிறது.

இந்தக் குணத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. தொட்டியில் ஓட்டை விழுந்து ஹைட்ரஜன் வெளியேறத் தொடங்கினால், வெளியேறும் ஹைட்ரஜன் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் தூள் குளிர்ந்துவிடும், கசிவும் தானே தணியும். 700 பார் தொட்டி இப்படிப்பட்ட பண்பெல்லாம் காட்டாது.

வெப்பத்தைக் கடத்துவது எளிதாக இருந்தால் கதை வேறு. உலோகம்தானே, வெப்பத்தை நன்றாகக் கடத்துமே என்று நினைத்தால் அங்கேதான் ஏமாற்றம். கட்டியாக இருக்கும்வரை கடத்தும். மைக்ரான் தூளாகிவிட்ட பின், ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஊசிமுனைத் தொடர்பும் கொஞ்சம் வாயுவும்தான். மீட்டர்-கெல்வினுக்கு ஒரு வாட்டை எட்டுவதே பெரிய பாடு. அலுமினியம் 200-க்கு மேல். அதனால் தொட்டிக்குள் செப்புத் தகடுகள், அலுமினிய நுரை, தண்ணீர்க் குழாய்கள் என்று திணிக்கிறார்கள்; தூளை விரிகிராஃபைட்டோடு கலந்து வில்லையாக அழுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் பிடிக்காத வெறும் எடை. காகிதத்தில் இருந்த சதவீதம் இங்கே கரையத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, தூள் ஒவ்வொரு சுற்றிலும் நொறுங்கி அடியில் போய்ப் படியும். அங்கே இறுகி, உப்பும்போது சுவரைத் தள்ளும். தடித்த எஃகுக் குழாயின் அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தொட்டியில் ஏன் இவ்வளவு இடத்தைக் காலியாக விடுகிறார்கள் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

லாந்தனம்-நிக்கலின் எடைக் கணக்கு 1.4 சதவீதம். 5 கிலோ ஹைட்ரஜனுக்கு 360 கிலோ கலவை, தொட்டியின் எடை தனி. 1980-களில் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் டைட்டானியம் சார்ந்த ஹைட்ரைடு தொட்டிகளை வைத்து பெர்லினில் சில வண்டிகளை ஓட்டிப் பார்த்தது. ஓடின. ஆனால் வண்டி சுமந்த பாரத்தில் தொட்டியின் பங்கு பெரிது.

சரி, மெக்னீசியம்? 7.6 சதவீதம், மலிவு, பூமியில் கொட்டிக் கிடக்கிறது. முன்பெல்லாம் அதன் வேகம்தான் குறை. ஹைட்ரஜன் ஏற மணிக்கணக்காகும். உருண்டை ஆலையில் அரைத்து, நையோபியம் ஆக்சைடு போன்ற வினையூக்கியைத் துளி சேர்த்தால் நிமிடங்களில் ஏறி இறங்கும் என்று 2000-களின் தொடக்கத்தில் காட்டிவிட்டார்கள். வேகம் தீர்ந்தது. 75 கிலோஜூல் தீரவில்லை, ஏனென்றால் வினையூக்கி பாதையைத்தான் சுலபமாக்கும், ஏறிச் சேர வேண்டிய மொத்த உயரத்தைக் குறைக்காது. ஹைட்ரஜனை எரித்தால் மோலுக்குக் கிடைப்பது 242 கிலோஜூல். அதில் 75, அதாவது 31 சதவீதம், அதை வெளியே எடுப்பதற்கே வேண்டும். கார்களில் வரும் எரிபொருள் கலத்தின் கழிவு வெப்பம் 80 டிகிரியைத் தாண்டுவதில்லை, 280 டிகிரி கேட்கும் மெக்னீசியத்துக்கு அது எந்த மூலைக்கு? எனவே சேமித்த ஹைட்ரஜனிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எரித்துத்தான் மீதியை எடுக்க முடியும். இது இவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்தும் '7.6' என்ற எண் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை முதல் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது.

2003-ல் அமெரிக்க அரசு ஹைட்ரஜன் காருக்காகப் பெரும் நிதி ஒதுக்கியபோது எரிசக்தித் துறை ஓர் இலக்கு வைத்தது: 2010-க்குள் 6 சதவீதம், 2015-க்குள் 9. பொருளின் கணக்கல்ல அது. தொட்டி, குழாய், வால்வு எல்லாம் சேர்ந்த முழு அமைப்பின் கணக்கு. இந்த இலக்குதான் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை எடை குறைந்த தனிமங்களின் பக்கம் விரட்டியது: லித்தியம், போரான், சோடியம், அலுமினியம், நைட்ரஜன். 2009-ல் இலக்கையே கீழே இறக்கினார்கள். இப்போதைய கடைசி இலக்கு 6.5.

அந்த ஓட்டத்தில் உண்மையாகவே நம்பிக்கை தந்தது சோடியமும் அலுமினியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சோடியம் அலனேட். 1997-ல் ஜெர்மனியின் மியூல்ஹைமில் போக்டானோவிச்சும் ஷ்விக்கார்டியும் அதில் கொஞ்சம் டைட்டானியம் சேர்த்தால் ஹைட்ரஜன் போகவும் வரவும் செய்யும் என்று காட்டினார்கள். அதுவரை ஒருவழிப் பொருள் என்று ஒதுக்கி வைத்திருந்தது அது. முதல் கட்டத்தில் 3.7 சதவீதம், அடுத்த கட்டத்தில் 1.9; கட்டும் வெப்பம் முறையே 37, 47 கிலோஜூல். எண்கள் சரியான இடத்தில் இருக்கின்றன! ஆனாலும் இரண்டாம் கட்டத்துக்கு 100 டிகிரிக்கு மேல் வேண்டும், நிரப்ப 100 பார் அளவு அழுத்தம் வேண்டும், கையில் கிடைப்பது 4 சதவீதத்தைச் சுற்றித்தான். முழுத் தொட்டியாகக் கட்டினால் அதில் பாதி போய்விடும்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். லித்தியம் போரோஹைட்ரைடில் 18.5 சதவீதம், விடுவதற்கு 400 டிகிரி, திரும்ப ஏற்ற 600 டிகிரியும் நூற்றுக்கணக்கான பாரும். 2005-ல் அமெரிக்காவில் வாஜோ என்ற ஆய்வாளரின் குழுவினர் அதை மெக்னீசியம் ஹைட்ரைடோடு கலந்து, விளைபொருளை மாற்றி, வெப்பத்தை 25 கிலோஜூல் குறைத்தார்கள். வினையூக்கி செய்யமுடியாததைச் செய்த நல்ல யோசனை, இருந்தும் சூடு போதுமான அளவு இறங்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அலுமினியம் ஹைட்ரைடு: 10.1 சதவீதம், கட்டும் வெப்பமோ 8 கிலோஜூல் அளவுதான். லேசாகச் சூடாக்கினாலே கொட்டிவிடும். அதே காரணத்தால் வெறும் ஹைட்ரஜனை அழுத்தி அதைத் திரும்பச் செய்ய ஆயிரக்கணக்கான பார் வேண்டும். அம்மோனியா போரேன் 19.6 சதவீதம், அது ஹைட்ரஜனை விடும்போதே வெப்பத்தையும் விடுகிறது. இறக்கத்தில் உருண்டு போனதை அழுத்தத்தால் மட்டும் மேலே ஏற்ற முடியாது, வேதிமுறையில் முதலிலிருந்து செய்ய வேண்டும். கூடவே எரிபொருள் கலத்தைக் கெடுக்கும் அம்மோனியாவும் போராசீனும் வரும். சோடியம் போரோஹைட்ரைடும் இந்தச் சாதிதான்: தண்ணீரும் வினையூக்கியும் பட்டால் ஹைட்ரஜன் பொங்கும். 2001-ல் டைம்லர்-கிரைஸ்லர் 'நேட்ரியம்' என்ற வண்டியை அதில் ஓட்டிக் காட்டியது. மிஞ்சும் போரேட் சேற்றை மறுபடி எரிபொருளாக்கும் செலவுதான் அதன் கதையை முடித்தது. சதவீதத்தில் முதல் வரிசையில் நிற்பவை எல்லாம் கிலோஜூலில் ஏதோ ஒரு கோடியில் நிற்கின்றன.

இந்தத் துறையின் மானம் போன கதை ஒன்றும் உண்டு. 1997-ல் கார்பன் நானோகுழாய்கள் அறைவெப்பத்தில் 5-லிருந்து 10 சதவீதம்வரை ஹைட்ரஜன் பிடிக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. மறுவருடம் இன்னொரு குழு, கிராஃபைட் நானோ இழைகள் 67 சதவீதம்வரை பிடிக்கின்றன என்றது. ஒரு நிமிடம் கணக்குப் பாருங்கள்: 67 சதவீதம் என்றால் ஒரு கார்பன் அணுவுக்கு 24 ஹைட்ரஜன் அணு. மீத்தேனில்கூட நாலுதான். ஆனாலும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதன் பின்னால் ஓடின. வேறு எவராலும் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. 1999-ல் லித்தியம் சேர்த்த நானோகுழாயில் 20 சதவீதம் என்று வந்த இன்னொரு அறிக்கையில், எடை கூடியதற்குப் பெரும் காரணம் வாயுவில் இருந்த ஈரம் என்று பிற்பாடு தெரிந்தது.

ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த அளவீடு அவ்வளவு எளிதில் காலை வாரும். தெரிந்த கன அளவுள்ள குப்பியில் ஹைட்ரஜனை விட்டு, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. குப்பி 50 மில்லிலிட்டர், அழுத்தம் 100 பார் என்று வையுங்கள். உள்ளே ஏறத்தாழ 385 மில்லிகிராம் ஹைட்ரஜன். மாதிரிப்பொருள் 100 மில்லிகிராம்தான் இருக்கிறது, அதுவும் பலமாதங்கள் பாடுபட்டுச் செய்தது. ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் ஓடி வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி இறங்கினால் அழுத்தமும் 0.34 சதவீதம் இறங்கும். அதை உறிஞ்சிக்கொண்டதாக எடுத்துக்கொண்டால் 1.3 மில்லிகிராம், நூறு மில்லிகிராமுக்கு 1.3 சதவீதம்! பொருள் எதையும் பிடிக்கவே இல்லை. இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால் இன்னும் நல்ல முடிவு கிடைக்கும். அதனால்தான் காலிக் குப்பியை வைத்து அதே சோதனையை நடத்திக் காட்டாத கட்டுரையை நான் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

நானோகுழாய் விட்ட இடத்தை உலோக-கரிமச் சட்டகங்கள் பிடித்தன. உலோக முடிச்சுகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, உள்ளே வெறும் துளையாக இருக்கும் படிகங்கள். இவற்றுக்காக 2025-ல் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசு. சில வகைகளில் ஒரு கிராமில் 7000 சதுர மீட்டர் பரப்பு. இதில் ஹைட்ரஜன் உடைவதில்லை, மூலக்கூறாகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வேகம் அபாரம், நிரப்பும்போது பெரிய சூடும் இல்லை. ஆனால் ஒட்டும் வெப்பம் பெரும்பாலும் 4-லிருந்து 7 கிலோஜூல்தான். திரவ நைட்ரஜனின் குளிரில், மைனஸ் 196 டிகிரியில், ஒவ்வொரு 500 சதுர மீட்டருக்கும் ஒரு சதவீதம் என்று நன்றாகவே பிடிக்கும். அறைவெப்பத்துக்கு வந்தால் 100 பாரிலும் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். அறைவெப்பத்தில் பிடிக்க இந்த ஒட்டும் வகைக்கு 15-லிருந்து 25 கிலோஜூல் வேண்டும். ஒட்டுவது 5-ல், கட்டுவது 75-ல், இரண்டுக்கும் நடுவில் தேவைப்படுகிற இடத்தில் எடை குறைந்த ஆள் இல்லை.

இவ்வளவு குறை சொன்னபின் ஹைட்ரைடுகள் எங்குமே உருப்படவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய டிஜிட்டல் கேமராவில் போட்ட, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் ஒரு முனையில் இருந்தது ஐந்தோவனில் பிறந்த லாந்தனம்-நிக்கல் கலவையின் வழித்தோன்றல்தான். 1997-ல் வந்த டொயோட்டா ப்ரியஸ் லட்சக்கணக்கில் அதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. ஹைட்ரஜன் கார் என்று யாரும் சொல்லாமலே ஹைட்ரைடில் ஓடிய கார் அது.

ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிகள் இரும்பு-டைட்டானியம் வகைக் கலவை நிரப்பிய உருளைகளில் ஹைட்ரஜனைச் சுமக்கின்றன. அழுத்தம் தாங்கும் உள்கூட்டுக்கு வெளியே அவை இருக்கின்றன. ஹைட்ரஜனின் பங்கு எடையில் 2 சதவீதத்துக்கும் கீழேதான், அதனால் என்ன? நீர்மூழ்கிக்கு எப்படியும் அடியில் பாரம் வேண்டும். எரிபொருள் கலத்தின் வெந்நீரே ஹைட்ரஜனை விடுவிக்கப் போதும். காரில் சாபமாக இருந்தது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2009-ல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளக்க அதன் கருவிகளை முதலில் 20 கெல்வின் (மைனஸ் 253 டிகிரி) அளவுக்குக் குளிர்விக்க வேண்டும், அதிர்வு கூடாது. பிஸ்டன் உள்ள கம்ப்ரஸர் என்றால் அதிரும். அதற்குப் பதில் லாந்தனம்-நிக்கலில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்த கலவையை ஆறு குப்பிகளில் வைத்தார்கள். வெள்ளீயம் சேர்த்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான சுற்றுகளில் லாந்தனமும் நிக்கலும் பிரிந்துபோகாமல் இருக்க. ஒரு குப்பியைச் சூடாக்கினால் அது அழுத்தமான ஹைட்ரஜனைத் தள்ளும், இன்னொன்றைக் குளிரவிட்டால் திரும்ப உறிஞ்சும். வால்வுகளைத் தவிர நகரும் உறுப்பே இல்லாத கம்ப்ரஸர். தொட்டி கட்டுகிறவர்களைப் படுத்தும் அதே வெப்பம் இங்கே வேலைக்காரனாகிவிட்டது. இப்போது தரையிலும் ஹைட்ரஜனை அழுத்த இந்த முறையில் கருவிகள் வருகின்றன. கூடுதலாக ஒரு லாபம், உலோகத்துக்குள் போய்வந்த ஹைட்ரஜன் மிகச் சுத்தமாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு கலந்த ஹைட்ரஜனைக் கொடுத்தால் மட்டும் கலவையின் மேற்பரப்பு நஞ்சேறிப் படுத்துவிடும்.

நிலையாக ஓரிடத்தில் நிற்கும் சேமிப்புக்கும் இதே நியாயம்தான். சூரிய மின்சாரத்தில் பகலில் ஹைட்ரஜன் செய்து இரவில் மின்சாரமாக்க வேண்டும் என்றால், தரையில் நிற்கும் பெட்டி எத்தனை டன் இருந்தால் யாருக்கு என்ன? இங்கேதான் மெக்னீசியத்துக்கும் ஒரு வாய்ப்பு வருகிறது. ஃபிரான்சில் ஓர் ஆய்வுக் குழு செய்த தொட்டியில், மெக்னீசியம் ஹைட்ரைடு வில்லைகளைச் சுற்றி 340 டிகிரியில் உருகும் மெக்னீசியம்-துத்தநாகக் கலவையை வைத்தார்கள். ஹைட்ரஜன் ஏறும்போது வெளியேறும் 75 கிலோஜூல் அந்தக் கலவையை உருக்குகிறது. ஹைட்ரஜனை எடுக்கும்போது அழுத்தத்தைக் குறைத்தால் போதும், கலவை உறைந்து அதே வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. 31 சதவீத இழப்பில் பெரும் பகுதி இப்படித் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நிரம்பச் சில மணி நேரம் ஆகும், ஒரு பகல்பொழுது கையில் இருக்கும்போது அவசரமும் இல்லை. 300 டிகிரிக்கு மேல் இருக்கும் பெட்டியிலிருந்து வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் தினமும் ஏற்றி இறக்கும் வேலைக்குத்தான் இது சரிவரும். வாரக்கணக்கில் சும்மா வைத்திருக்க வேண்டுமானால் அறைவெப்பத்தில் இயங்கும் பழைய இரும்பு-டைட்டானியத்தைத்தான் நான் எடுப்பேன், 2 சதவீதத்தைத் தொடாவிட்டாலும்.